இரண்டாவது நிலாவைத் தேடி மாடிக்குப் போன பிள்ளைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 அக்டோபரில் "பூமிக்கு இனி இரண்டு நிலா, 2083 வரை கூடவே இருக்கும்" என்ற செய்தி எல்லாப் பக்கமும் ஓடியது, உங்கள் நாளிதழிலும் வந்தது. மறுநாள் எங்கள் தெருவில் என்னிடம் பாடம் கேட்க வரும் பிள்ளைகள் நாலைந்து பேர் முகம் வாடி வந்தார்கள். முந்தின நாள் ராத்திரி மொட்டை மாடியில் பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து தேடியிருக்கிறார்கள். "சார், மேகம் இருந்துச்சு, அதான் தெரியலையா?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டபோது எனக்கு மனசே கேட்கவில்லை. மேகமே இல்லாத வானத்திலும் அது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அது நிலாவே இல்லை. அதை உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தச் செய்தியில் வந்தது 2025 பிஎன்7 என்கிற, சுமார் 20 மீட்டர் அளவுள்ள ஒரு சிறுகோள். இதே வகையில் இன்னும் நன்றாக ஆராயப்பட்ட ஒன்று இருக்கிறது, பெயர் காமோஓஅலேவா. ஹவாயின் மாவி தீவில் ஹாலியாகாலா மலை உச்சியில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி 2016 ஏப்ரல் 27 அன்று கண்டுபிடித்தது, அதனால் பெயரும் ஹவாய் மொழியிலேயே வைத்தார்கள், ஊசலாடும் வான்பொருள் என்று அர்த்தம். குறுக்களவு 40 மீட்டருக்கும் 100 மீட்டருக்கும் இடையில் இருக்கலாம். 28 நிமிடத்துக்கு ஒரு தடவை தன்னைத்தானே சுற்றிவிடுகிறது, அதாவது அங்கே நின்றால் ஒரு பள்ளிப் பீரியட் முடிவதற்குள் சூரியன் உதித்து, மறைந்து, மறுபடியும் உதித்திருக்கும்!

இது பூமியைச் சுற்றவில்லை, சூரியனைத்தான் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 366 நாள், நமக்கும் அதே கணக்குதான். ஆனால் நம் பாதை கிட்டத்தட்ட வட்டம், அதன் பாதையோ ஒரு பக்கம் சூரியனுக்கு 13.4 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி, மறுபக்கம் 16.5 கோடி கிலோமீட்டர் வரை விலகிப் போகிறது.

அந்தப் பிள்ளைகளைப் பக்கத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். நடுவில் இருந்த கொடிக்கம்பம்தான் சூரியன். சுண்ணாம்புத் தூளால் ஒரு வட்டம் போட்டேன், அதன் மேலேயே கொஞ்சம் தள்ளி வைத்த மாதிரி இன்னொரு வளையம். ஒருத்தி பூமி, வட்டத்தில் கொடிக்கம்பம் இடதுகைப் பக்கம் இருக்கும்படி ஒரே வேகத்தில் ஓட வேண்டும். இன்னொருத்தன் சிறுகோள், கம்பத்துக்குக் கிட்டே வரும்போது வேகமாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் ஓட வேண்டும், ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்க வேண்டும். ஓடிக்கொண்டே, அவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று கத்தச் சொன்னேன். "இடது... முன்னாடி... வலது... பின்னாடி... திரும்ப இடது" என்று கத்திக்கொண்டு வந்தவள் சட்டென்று நின்று, "சார், அவன் என்னையத்தான் சுத்துறான்!" என்றாள். இல்லை, அவன் கம்பத்தைத்தான் சுற்றினான், அவளோடு சேர்ந்து ஓடியதால் அவளுக்கு அப்படித் தெரிந்தது. விஷயமே இதுதான், ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது.

தூரத்தைப் பார்த்தாலும் இது தெளிவாகிவிடும். நம் நிலா 3.84 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரு பொருளைப் பூமி தன் பிடியில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது சுமார் 15 லட்சம் கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். காமோஓஅலேவா மிக நெருங்கி வந்தாலே 1.4 கோடி கிலோமீட்டர், விலகும்போது 4 கோடி பக்கம். ஆக பூமிக்கு அதன் மேல் பிடி கிடையாது, ஆனாலும் அது ஒரேயடியாக முந்திப் போய்விடாமலும் பின்தங்கிவிடாமலும் நம் ஈர்ப்பு லேசாக இழுத்துச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. கிட்டத்தட்ட நூறு வருடமாக இப்படிக் கூடவே வருகிறது, இன்னும் சில நூற்றாண்டுகள் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பார்க்க முடியுமா என்றால், வருடத்தில் ஏப்ரலை ஒட்டிய சில வாரங்கள்தான் பெரிய தொலைநோக்கிக்கே சிக்கும். நல்ல இருட்டில் நம் கண்ணுக்குத் தெரிகிற மிக மங்கலான நட்சத்திரத்தைவிட 40 லட்சம் மடங்கு மங்கல். பாவம், பிள்ளைகள் மாடியில் உட்கார்ந்து என்ன செய்யும்?

உங்கள் செய்தியில் வராமல் போன இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. 2021இல் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, அது மற்ற சிறுகோள்களோடு ஒத்துப்போகாமல் நிலாவுக்குப் போய்வந்த அப்போலோ 14 விண்கலம் கொண்டுவந்த நிலாப் பாறையோடு ஒத்துப்போனது. அப்படியென்றால் எப்போதோ நிலாவில் ஏதோ மோதித் தெறித்த துண்டாக இது இருக்கலாம். நிலாவின் மறுபக்கத்தில் 22 கிலோமீட்டர் அகலத்தில் இருக்கும் ஜோர்டானோ புரூனோ பள்ளத்திலிருந்து கிளம்பியிருக்கலாம் என்று 2024இல் ஒரு ஆய்வு வந்தது. நிலாவே இல்லாததை நிலா என்று போட்டுவிட்டு, நிலாவின் துண்டாக இருக்கக்கூடிய ஒன்றைப் பற்றி ஒரு வரி எழுதாமல் விட்டுவிட்டோமே என்றுதான் ஆதங்கம்.

2025 மே மாதக் கடைசியில் சீனா ஏவிய தியான்வென்-2 விண்கலத்தின் இலக்கு இந்தச் சிறுகோள்தான். மண்ணும் கல்லும் எடுத்து 2027 கடைசியில் பூமிக்கு அனுப்புவது திட்டம். சுற்றுகிற வேகத்தில் அங்கே உதிரிக் கற்கள் தங்குவதே சிரமம், அதனால் எடுப்பது லேசான காரியம் இல்லை.

ஆகவே அடுத்த முறை "இரண்டாவது நிலா" என்று போடாமல் "உடன்வரும் சிறுகோள்" என்று போடுங்கள், பக்கத்தில் சிறியதாக ஒரு படம், இரண்டு வளையமும் ஒரு சூரியனும் போதும். அப்புறம் 2027இல் அந்த மண்ணும் கல்லும் வந்து இறங்கும்போது, நிலா செய்தி போட்ட அதே பக்கத்தில் அதையும் போடுங்கள். நான் அதை வெட்டி எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தென்காசி மாவட்டம்