ஃபில்டர் கழன்றதா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பத்தாவுக்கு முட்டிவலி, அது எப்போதும் உள்ளதுதான். சின்ன அத்தை வீட்டுப் பால் காய்ச்சுவது பற்றி அம்மா எழுதச் சொன்னாள், அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, "கார் ஆயில் ஃபில்டர் அசையவே மாட்டேங்குதுப்பா" என்று போன் பண்ணினாய். அப்போது நான் ஒரு டாரஸ் லாரிக்கு அடியில் கிடந்தேன், பாதிதான் காதில் விழுந்தது.

ஃபில்டரைக் கழல விடாமல் பிடித்துக்கொள்வது மரை இல்லை, அதன் வாயில் இருக்கும் ரப்பர் வாஷர். போன தடவை மாட்டியவன் ஆயில் தடவாமல் வறட்டு வாஷராக வைத்து, போதாததற்கு ஸ்பானர் போட்டும் முறுக்கியிருப்பான். எஞ்சின் சூட்டில் ரப்பர் வெந்து இரும்போடு அப்பிக்கொண்டது.

வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்து. வெதுவெதுப்பு போதும், சூடான ஆயில் கையில் பட்டால் தோல் உரியும். ஆயிலை வடித்துவிட்டு, ஃபில்டரைப் பனியன் வேஸ்ட்டால் பிசுக்கில்லாமல் துடை. உப்புத்தாளின் சொரசொரப்பு உள்பக்கம் வரும்படி சுற்றி இரண்டு கையாலும் திருகு. ஃபில்டரின் மூடிய பக்கத்தைப் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிராக. படுத்துக்கொண்டு செய்யும்போது பட்டறைப் பையன்களே திசை குழம்பி இன்னும் இறுக்கிவிடுவார்கள். வரவில்லையென்றால் ஃபில்டர் தலையில் தொப்பி மாதிரி மாட்டும் அளவான கப் ஸ்பானர், இல்லாவிட்டால் சுற்றிப் பிடிக்கும் செயின் ஸ்பானர். செயினை எஞ்சினை ஒட்டிய விளிம்பில் போடு, நடுவில் போட்டால் டப்பா நசுங்கும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு இல்லையென்றால் வேலையே வேண்டாம். ஹாலோ பிளாக்கும் வைக்காதே, திடீரென்று நொறுங்கும்.

திருப்புளியைக் குத்தித் திருகச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. தகரம் கிழிந்து அடித்தட்டு மட்டும் எஞ்சினில் நிற்கும். ஏற்கெனவே அப்படிச் செய்து வைத்திருந்தால் என்னிடம் மறைக்காதே. தட்டின் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்து, கழற்றும் திசையில் மெல்லத் தட்டினால் நகரும். எஞ்சின் முகத்தில் உளி படக்கூடாது. அங்கே கீறினால் எந்த வாஷர் போட்டாலும் கசியும்.

கழன்றதும், பழைய வாஷர் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். அதன்மேல் புதியதை மாட்டினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வாஷருக்கு ஆயில் தடவு. அது எஞ்சினைத் தொட்டபின் முக்கால் சுற்று, கையால் மட்டும்.

உனக்கு நல்ல கை. பத்தாவது படிக்கையிலேயே டேப்பெட் சத்தத்தை வைத்துக் கோளாறு சொன்னவன் என்று இன்றும் பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பெங்களூர் போனபின் பட்டறைக்குள் கால் வைத்தாயா? சட்டை அழுக்காகும் என்பாய். சர்வீஸ் பில்லைப் பார்த்து நான் சத்தம் போட்டால், "எனக்கு நேரம்தான் காசுப்பா" என்பாய். இப்போது செவ்வாய்க்கிழமை பகலில் காருக்கு அடியில் படுக்க நேரம் கிடைத்திருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை சாமி. ஐடி கம்பெனிகளைப் பற்றிப் பேப்பரில் வருவதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டேன்.

அம்மாவுக்கு அனுப்பும் பணத்தை இந்த மாதம் அனுப்பாதே. இரண்டு எஞ்சின் வேலை வந்திருக்கிறது, கையில் இருக்கிறது. அடுத்த மாதமும் வேண்டாம்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதே, கேனில் பிடித்துப் பக்கத்துப் பட்டறையில் கொடு. ஜாக்கி விஷயம் மறுபடியும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இல்லையென்றால் எதையும் தொடாமல் அப்படியே விடு. நானே கப் ஸ்பானரோடு வருகிறேன். நாமக்கல்லில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது அங்கே இருப்பேன். எந்தக் கிழமை பகலில் வீட்டில் இருப்பாய் என்று எழுது. எல்லா நாளும் இருப்பாய் என்றால் அதையும் எழுது, நாளைக்கே டிக்கெட் போடுகிறேன்.

அப்பா