சேங்க் என்றால் நம் சங்குதான்

கீழக்கரை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே கச்சான் காற்று பலமாக அடிக்கிறது, மூன்று நாளாக வள்ளம் எதுவும் இறங்கவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மொழிபெயர்க்க வந்த பழைய ஆங்கிலத் தாளில் 'சேங்க்' (chank) என்று இருக்கிறது, அச்சுப்பிழையா, சங்குக்கு ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்லும் 'காங்க்' (conch) என்று திருத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து திருத்தாதே. அது பிழையில்லை, நம் சங்குதான் அது. 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது, மன்னார் வளைகுடாவின் பெயரோடு. 1914-இல் ஜேம்ஸ் ஹார்னெல் நம் சங்கைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலும் இதே சொல்தான்.

காங்க் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. கரீபியன் கடலின் இளஞ்சிவப்பு வாய்ச் சங்கும் அதில் அடங்கும். சேங்க் அப்படியில்லை. நம் வெள்ளைச் சங்கு ஒன்றுக்கே உரிய பெயர். நான் படித்த வரையில், கோயிலில் ஊதுவதைப் பெரும்பாலும் காங்க் என்றே எழுதுகிறார்கள். கடலில் குளித்து எடுத்து, எண்ணி விற்கும்போதுதான் சேங்க் வருகிறது: சேங்க் டைவர், சேங்க் ஃபிஷரி, சேங்க் பேங்கிள். வாப்பா மூச்சடக்கி எடுத்த சங்கெல்லாம் வங்காளத்துக்குப் போய், வளையலாக அறுபட்டு, அங்கே கல்யாணமான இந்துப் பெண்களின் கையில் ஏறியது. அந்தப் பிழைப்புக்கென்று ஆங்கிலத்தில் தனியாக ஒரு சொல் இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அப்புறம், ஒரு இடத்தில் கவனமாக இரு. தாளில் 'லெஃப்ட் ஹேண்டட் சேங்க்' என்று வந்தால் இடம்புரி என்று எழுதிவிடாதே, அதுதான் வலம்புரி. விலங்கியல்காரர்கள் சங்கின் சுருள் முனையை மேலே வைத்துப் பார்ப்பார்கள், அப்போது வலம்புரியின் வாய் இடப்பக்கம் தெரியும். நம்மவர்கள் அந்த முனையைக் கீழே வைத்துப் பார்ப்பதால் அதே வாய் வலப்பக்கம் வந்துவிடும். கையில் ஒரு சங்கை எடுத்துத் திருப்பிப் பார், உடனே புரியும்.

அந்தத் தாளில் நம் ஊர்க் குளியாட்களைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் நகல் எடுத்து அனுப்பு. வாப்பாவோடு கடலுக்குப் போன ஒரு பெரியவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய தோழன்