அறிவியல் பாடவேளையில் ஆங்கிலம்: நான்காம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அறிவியல், உடற்கல்வி பாடவேளைகளில் ஆங்கிலத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். "இங்கிலீஷ் மீடியமா மாத்திட்டீங்களா சார்?" என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. பாடப்புத்தகமும் தேர்வும் தமிழில்தான்.

விதை முளைக்கும் பாடத்தையே சொல்கிறேன். முதலில் டீச்சர் அதைத் தமிழில் நடத்திவிடுகிறார். பிள்ளைகள் கேள்வி கேட்டு, சண்டை போட்டு, விஷயம் புரிந்த பிறகுதான் பாசிப்பயறு வெளியே வருகிறது. ஒரு டம்ளரில் ஈரப் பஞ்சு, இன்னொன்றில் காய்ந்த பஞ்சு, மூன்றாவது ஈரப் பஞ்சோடு அலமாரிக்குள். தினமும் அளவுகோல் வைத்து அளந்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: 'தி ரூட் இஸ் டூ சென்டிமீட்டர்ஸ் லாங்.' இருட்டில் வைத்த பயறும் முளைத்து, வெளுத்த மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்ந்ததைப் பார்த்து வகுப்பில் ஒரே கூச்சல். வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உருவாகவில்லை என்று தமிழில் பேசி முடித்த கையோடு 'டார்க்', 'லைட்', 'எல்லோ' எல்லாம் அவர்கள் வாயில் வந்துவிட்டன. பத்துத் தடவை எழுதிவரச் சொன்னால் இப்படி வராது. உடற்கல்வியில் இன்னும் சுலபம்; 'டர்ன் லெஃப்ட்' என்றால் திரும்பித்தானே ஆக வேண்டும்!

இது நம் கண்டுபிடிப்பு அல்ல. கனடாவில் மான்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில், 1965-ல், ஆங்கிலம் பேசும் பெற்றோரே விடாமல் கேட்டு, மழலையர் வகுப்பிலிருந்து பிரெஞ்சில் பாடம் நடத்த வைத்தார்கள். மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். காலப்போக்கில் ஆங்கிலத்திலும் கணக்கிலும் அவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டுமொழியான ஆங்கிலத்துக்கு வெளியுலகில் மதிப்புக் குறைவு எதுவும் இல்லை. நம் நிலைமை வேறு என்பதால் முழுப் பாடத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்ற எனக்குச் சம்மதமில்லை. சமூக அறிவியலில் இப்போதைக்குக் கை வைக்கவும் மாட்டோம்.

மதிப்பெண் பற்றிக் கவலை வேண்டாம். ஆங்கிலத்தில் கேட்டதற்குப் பிள்ளை தமிழில் பதில் சொன்னாலும் அது சரியான பதில்தான்.

வீட்டில் ஸ்பெல்லிங் கேட்டு அதட்டாதீர்கள். டியூஷனில் இந்த வரிகளை மனப்பாடம் செய்ய வைக்கவும் வேண்டாம். "இன்னைக்கு என்ன செஞ்சீங்க?" என்று தமிழில் கேட்டால் போதும், அதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த பாடம் நீர் ஆவியாதல். திங்கட்கிழமை ஒரு கைப்பிடி கல்லுப்பும் ஒரு பழைய தட்டும் கொடுத்தனுப்புங்கள். கண்ணாடித் தட்டு மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்