அம்மாவின் கையில் இருக்கும் ரிமோட்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலம்தானே? உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வலக்கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் உடனே பதில் எழுத முடியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குச் சில நாள் ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். பேனாவையும் புத்தகத்தையும் ஒதுக்கி வைத்திருந்தேன். இப்போது எழுத்து தெளிவாகத் தெரிகிறது. முதல் கடிதம் உனக்குத்தான்.

அந்த ஓய்வு நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு டிவியில் செய்தி கேட்பேன். சத்தத்தைக் கூட்டவும் சேனலை மாற்றவும் விரல்தான் கண்ணாக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், ரிமோட்டில் 5 என்ற எண்ணின் மேல் கடுகளவு ஒரு புடைப்பு இருக்கிறது. பெரும்பாலான ரிமோட்களில் உண்டு. விரல் அங்கே நின்றுவிட்டால் நேர் மேலே 2, நேர் கீழே 8, இரு பக்கமும் 4, 6. இரண்டே நாளில் எல்லா எண்ணும் கைக்குப் பழகிவிட்டது. அதனால் அம்மாவின் ரிமோட்டைப் பற்றி நீ எழுதியிருந்த பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

‘அம்மா எதையாவது அமுக்கிக் கெடுத்துவிடுகிறார்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி எனக்கு வருத்தமாக இருந்தது, நண்பா. பட்டனை அமுக்கி யாரும் ஒரு செட்டாப் பாக்ஸைக் கெடுத்துவிட முடியாது. அவர் அமுக்க நினைத்தது ஒன்று, விரல் பட்டது பக்கத்துப் பட்டன், அவ்வளவுதான் நடந்திருக்கும். படம் எந்தக் கம்பி வழியாக வர வேண்டும் என்பதை மாற்றும் சோர்ஸ் பட்டனை வால்யூமுக்கு அருகிலேயே வைத்தது அவர் அல்லவே. பழுது வேறெங்கோ இருக்கும்போது வயதானவர்களின் கையைக் குற்றம் சொல்வதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். கொஞ்ச நாளில் அவர்கள் ரிமோட்டைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். யாராவது வந்து சேனல் மாற்றும்வரை ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா அப்படி ஆகிவிடக் கூடாது. அதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நீ சொல்லும் தொல்லைகள் மூன்று. பட்டனை அழுத்தி அழுத்தி அமுக்கினால்தான் வேலை செய்கிறது. திடீரென்று ‘சிக்னல் இல்லை’ என்று வந்துவிடுகிறது. டிவி, பாக்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் புதிதாக வாங்கிய யுனிவர்சல் ரிமோட் டிவியை அணைக்கிறது, பாக்ஸை அசைக்கவில்லை. மூன்றும் வெவ்வேறு வியாதிகள். ஒரே மருந்தைத் தேடியதால்தான் உனக்கு அலுத்துப்போயிருக்கிறது.

முதலில் ரிமோட் பேசுகிறதா என்று பார். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையில் இருக்கும் சின்ன பல்பை அதற்குக் காட்டி ஏதாவது ஒரு பட்டனை அமுக்கிப் பிடி. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிறிய ஊதா நிறத்தில் துடிப்பது தெரியும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பார். சில கைபேசிகளில் பின்பக்கக் கேமரா அந்த ஒளியை வடிகட்டிவிடும். எல்லாப் பட்டனையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார். ஒளி வந்தால் ரிமோட் பேசுகிறது. சில பட்டனுக்கு மட்டும் வரவில்லை என்றால் நோய் அந்தப் பட்டன்களுக்கு அடியில் இருக்கிறது. எதையும் அமுக்காமலேயே ஒளி துடித்துக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. பேட்டரி வாரத்துக்கு ஒன்று தீர்ந்துபோவதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

ஒளியே வரவில்லையா? பேட்டரி மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கைப் பார். சென்ற மாதம் என் மாமனாரின் ரிமோட்டைத் திறந்தபோது ஒரு ஸ்பிரிங்கின் அடியில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொருக்கு, அதன் ஓரத்தில் பாசிப்பச்சை. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசியும் காரம் காற்றுப் பட்டு அப்படி உறைந்துவிடுகிறது. புதிய பேட்டரி போட்டும் ஓடவில்லை என்று அந்த ரிமோட்டைத் தூக்கிப்போட வைத்திருந்தார்கள். பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரில் நனைத்து அந்த இடத்தைத் தொட்டேன்; மெல்லிய நுரை கிளம்பிப் பொருக்கு இளகியது. ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மழுங்கிய கத்திமுனையால் ஸ்பிரிங்கின் நுனியை லேசாகச் சுரண்டினேன். உலோகம் பளிச்சென்று தெரிந்தது. பேட்டரியைப் போட்டதும் உயிர் வந்துவிட்டது. அந்தத் தூளை வெறுங்கையால் தொடாதே. தொட்ட விரலைக் கண்ணுக்குக் கொண்டுபோகவே கூடாது. பழைய பேட்டரி ஒன்றும் புதியது ஒன்றுமாகப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடு. பலவீனமானதுதான் முதலில் கசியும்.

இன்னொன்று. நீ சார்ஜ் செய்யும் பேட்டரிகளைப் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். அவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், இரண்டும் சேர்ந்தால் 2.4. சாதாரணப் புதிய பேட்டரி 1.5 வீதம் 3 வோல்ட் தரும். பல ரிமோட்கள் அந்தக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும். சில, பாக்ஸுக்கு மிக அருகில் போனால்தான் வேலை செய்யும். ஒரு வாரம் சாதாரணப் பேட்டரியைப் போட்டுப் பார்.

அழுத்தி அமுக்க வேண்டியிருப்பது பட்டனின் பிரச்சினை. ரிமோட்டுக்குள் ஒரே ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு பட்டனின் அடியிலும் கறுப்பாக ஒரு கரிப் பொட்டு. நாம் அமுக்கும்போது அந்தப் பொட்டு கீழே இருக்கும் பலகையின் இரு கம்பிகளை இணைக்கிறது. நாள்பட ரப்பரிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு கசிந்து, கைவியர்வையும் தூசியும் சேர்ந்து பலகைக்கும் பொட்டுக்கும் நடுவே படலமாகிவிடும். அதிகம் தேய்ந்த பட்டன்கள்தான் முதலில் மக்கர் செய்யும். பேட்டரிகளை எடுத்துவிட்டு, ஓரத்தில் இருக்கும் கொக்கிகளைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் மெல்லத் திறந்து, ரப்பர் விரிப்பைச் சோப்பு நீரில் கழுவி முழுக்க உலர்த்து. பலகையைச் சுத்திகரிப்புக்கு விற்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடை. கரிப் பொட்டைத் தேய்க்காதே. அது போனால் பட்டனே போயிற்று.

இனி பாக்ஸ் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பல பாக்ஸ்களில் ரிமோட்டின் கட்டளை வந்து சேரும்போது முன்பக்கச் சிறு விளக்கு ஒருமுறை மினுக்கும். கேமராவில் ஒளி தெரிந்தும் இந்த விளக்கு மினுக்கவில்லை என்றால் வழியில் தடை இருக்கிறது. பாக்ஸின் முகப்பில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு நாடாவை உரிக்காமலே விட்டிருக்கிறாயா? முன்னால் பூ ஜாடி இருக்கிறதா? மாலை வெயில் நேராக அதன் மேல் விழுகிறதா? வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. ரிமோட்டின் குரல் அதில் அமுங்கிவிடும். அந்தக் கூட்டத்திலிருந்து தன் குரலைப் பிரித்துக் காட்டுவதற்குத்தான் ரிமோட் தன் ஒளியை விநாடிக்கு ஏறக்குறைய 38,000 முறை அணைத்து ஏற்றுகிறது. பாக்ஸ் அந்தத் துடிப்பை மட்டுமே தேடுகிறது. சில மின்விளக்குகளும் இதே போலத் துடித்துக் குழப்பும். ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு முயன்று பார்.

இதை எழுதும்போது ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. உனக்குப் பிடிக்கும். 1955-இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தில் யூஜின் பாலி என்ற பொறியாளர் ஒளியால் இயங்கும் ரிமோட்டைச் செய்தார். திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரும் கண்கள். வெயில் பட்டாலே சேனல் மாறிவிடும் என்ற தொல்லை அதில் இருந்தது. அடுத்த ஆண்டே அங்கு பணிபுரிந்த ராபர்ட் ஆட்லர் செய்த ரிமோட்டில் பேட்டரியே கிடையாது! உள்ளே சிறு அலுமினியத் தண்டுகள். பட்டனை அமுக்கினால் ஒரு சுத்தியல் தண்டைத் தட்டும். காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலி எழும். டிவி அதைக் கேட்டு நடக்கும். கசிவதற்கும் தீர்வதற்கும் அதில் எதுவுமே இல்லை. அந்த எளிமையை நினைக்க நினைக்க எனக்கு மரியாதை கூடுகிறது.

விளக்கு மினுக்குகிறது, ஆனால் எதுவும் நடக்கவில்லை என்றால் பாக்ஸ் உறைந்துபோயிருக்கிறது. ரிமோட்டால் அணைத்து ஏற்றுவதால் பயனில்லை. அப்போது அது முழுதாக அணையாமல் ஸ்டாண்ட்பை என்னும் அரைத்தூக்கத்தில்தான் கிடக்கும். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் போடு.

‘சிக்னல் இல்லை’ என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் ஏமாறுகின்றன. அந்த வாசகத்தை யார் எழுதுகிறார்கள் என்று பார். அது வந்திருக்கும்போதே செட்டாப் பாக்ஸ் ரிமோட்டின் மெனு பட்டனை அமுக்கு. பாக்ஸின் மெனு திரையில் விரிந்தால் ரிமோட்டும் பாக்ஸும் நன்றாக இருக்கின்றன; குறை டிஷ்ஷிலோ கேபிளிலோ வானத்திலோ இருக்கிறது. கனமழை கொட்டினால் டிஷ்ஷுக்கு வரும் நுண்ணலை நீர்த்துளிகளில் வலுவிழந்துவிடும். மழை விட்டதும் தானே சரியாகும். மெனு விரியவில்லை, டிவியின் சொந்த எழுத்தில் அந்த வாசகம் மிதக்கிறது என்றால் டிவி வேறு துளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாக்ஸின் கம்பி எச்டிஎம்ஐ ஒன்று என்ற துளையில் இருக்க, டிவி ஏவி என்ற துளைக்கோ எச்டிஎம்ஐ இரண்டுக்கோ மாறியிருக்கும். சோர்ஸ் பட்டனை அமுக்கிச் சரியான வரிக்கு வந்தால் படம் திரும்பிவிடும். நீ சொல்வதைப் பார்த்தால் அன்று இரவு அம்மாவுக்கு நடந்தது இதுதான் என்று தோன்றுகிறது. அரை நிமிட வேலைக்காக அவர் இரவு முழுவதும் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது உன் யுனிவர்சல் ரிமோட். ரிமோட் அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் ஒரு கடிதம் போல. முதலில் முகவரி, பிறகு செய்தி. பரவலாக வழங்கும் ஒரு முறையில் 9 மில்லி விநாடி ஒளி, 4.5 மில்லி விநாடி இடைவெளி, அதன் பின் 32 பிட், அதாவது 0 அல்லது 1 என்னும் 32 சிறு குறிகள். அந்த 32-இல் பாதி முகவரிக்கு, மீதி கட்டளைக்கு. உன் ரிமோட் டிவியின் முகவரியைக் கற்றுக்கொண்டுவிட்டது, பாக்ஸின் முகவரியை இன்னும் கற்கவில்லை. செட்டாப் பாக்ஸுக்கு உரிய பட்டனை முதலில் அமுக்கிவிட்டு, செட் பட்டனை விளக்கு எரியும்வரை பிடித்திரு. பிறகு கையேட்டில் உன் பாக்ஸின் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணைப் போடு. டிவி என்ற பட்டனில் நின்றபடியே பாக்ஸின் எண்ணைப் போட்டிருப்பாய் என்பது என் ஊகம். ஒரே பெயருக்கு ஐந்தாறு எண்கள் இருக்கும். முதல் எண்ணில் பவர் வேலை செய்தவுடன் நிறுத்திவிடாதே. மெனு, அம்புக்குறிகள், பின்செல்லும் பட்டன் எல்லாம் நடக்கும் எண் கிடைக்கும்வரை போ. கிடைத்த எண்ணைச் சிறு தாளில் எழுதிப் பேட்டரி மூடியின் உட்புறம் ஒட்டிவிடு. சில ரிமோட்கள் பேட்டரியை எடுத்துவிட்டால் அந்த எண்ணை மறந்துவிடும்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் பாக்ஸின் ரிமோட் ஒளியில் பேசாமல் புளூடூத் போன்ற வானொலி அலையில் பேசுவதாக இருக்கலாம். அப்படிப்பட்ட ரிமோட் நல்ல நிலையில் இருந்தாலும் கேமராவில் ஒளி தெரியாது. அதைப் பாக்ஸோடு இணைத்தாக வேண்டும். கையேட்டில் சொன்ன இரண்டு பட்டன்களைச் சேர்த்துப் பிடித்து, பாக்ஸுக்கு அருகில் நின்று, விளக்கு மினுக்குவது நிற்கும்வரை பொறுத்திரு.

என் விருப்பத்தைக் கேட்டால், பாக்ஸின் பழைய ரிமோட்டே அம்மாவின் கையில் இருக்கட்டும். அவர் விரலுக்கு அது தெரியும். டிவியின் பவரையும் வால்யூமையும் கற்றுக்கொள்ளும் வசதி அதில் இருந்தால், இரண்டு ரிமோட்களையும் மேசைமேல் முனைக்கு முனை, இரண்டு விரல் இடைவெளியில் வைத்து அந்தப் பட்டன்களை அதற்குக் கற்றுக்கொடு. டிவியின் ரிமோட் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அது செத்துவிட்டால் யாரிடமிருந்து கற்பது? பிறகு அம்மா ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சோர்ஸ் பட்டனை நாடா ஒட்டி மறைக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீயே வேண்டுமென்று சோர்ஸை மாற்றி, ‘சிக்னல் இல்லை’ என்று வரவைத்து, படத்தைத் திரும்பக் கொண்டுவர அவரையே சொல். மூன்று முறை செய்தால் போதும். அவர் கணக்குப் புத்தகத்தில் ஒரு காசு பிசகாமல் எழுதியதை நாம் இருவரும் பார்த்து வளர்ந்தவர்கள். இது அவருக்கு ஒரு விஷயமே இல்லை. 5-இன் மேல் இருக்கும் புடைப்பையும் காட்டு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடச் சொல்.

மற்றபடி இங்கு புதிதாக ஒன்றுமில்லை. இடக்கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே? அதையும் எழுது. கேமராவில் ஒளி தெரிந்ததா, பாக்ஸின் விளக்கு மினுக்கியதா, எந்த எண்ணுக்குப் பாக்ஸ் கட்டுப்பட்டது என்று மறக்காமல் எழுது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அடுத்த கடிதத்தில் இரண்டு வரி அவர் கையெழுத்தில் இருந்தால் மிகவும் மகிழ்வேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்