ஓபெத்தை மறுபடியும் கேள்

அன்புள்ள ரமணி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. அக்கம்பக்கத்தார் ஏதாவது சொன்னாலும் நிறுத்திவிடாதே. எனக்கு வேலை மாறிவிட்டது. மாலை நேரம் கையில் கிடைக்கிறது. அதனால் நம் ஸ்வீடன் மெட்டல் குழு ஓபெத்தை முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்டேன்.

2011-இல் ‘ஹெரிட்டேஜ்’ ஆல்பம் வந்தபோது நீ அவர்களைக் கைவிட்டாய். அடித்தொண்டையில் பாடும் அந்த உறுமல் போனபின் இவர்களிடம் என்ன மிச்சம் என்று கேட்டாய். இப்போது பதில் சொல்கிறேன்.

1990-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய குழு அது. பேஸ் வாசிக்க அழைக்கப்பட்ட மிக்கேல் ஓகர்ஃபெல்ட்தான் பிறகு அதன் குரலும் மூளையும் ஆனார். 1996-இல் வந்த ‘மார்னிங்ரைஸ்’ ஆல்பத்தில் ஒரு பாட்டு மட்டுமே 20 நிமிடம். உறுமலும் முரட்டுக் கிட்டாருமான டெத் மெட்டலுக்கு நடுவில் அகௌஸ்டிக் கிட்டார் அப்போதே வந்துவிட்டது. 2001-இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் தயாரிப்பில் கைகொடுத்த ‘பிளாக்வாட்டர் பார்க்’ விமர்சகர்களையும் அவர்கள் பக்கம் இழுத்தது.

அப்புறம் ‘டெலிவரன்ஸ்’, ‘டேம்னேஷன்’. இரண்டையும் ஒரே காலத்தில் பதிவு செய்தார்கள். முன்னது ஆவேசம், 2003-இல் வந்த பின்னதில் ஒரு உறுமல்கூடக் கிடையாது, மெலோட்ரான் என்ற பழைய கீபோர்டும் மெல்லிய குரலும்தான். அதை நீ உருகி உருகிக் கேட்டாய். பிறகு ‘ஹெரிட்டேஜ்’ மட்டும் ஏன் துரோகமாகத் தெரிந்தது? 2003-இல் உறுமல் பக்கத்து ஆல்பத்திலேயே பத்திரமாக இருந்தது. 2011-இல் அது திரும்பி வருமென்ற உறுதி உனக்கு இல்லை, அவ்வளவுதான். அதே ஓகர்ஃபெல்ட் அதே தேடலில்தான் இருந்தார். மேடையில் பழைய பாட்டுகளுக்கு உறுமிக்கொண்டும்தான் இருந்தார்.

உறுமல் இல்லாத அந்தக் காலத்து ஆல்பங்கள் எல்லாமே சிறந்தவை என்று சொல்லமாட்டேன். ‘சோர்சரஸ்’ எனக்கு இன்னும் சிதறலாகவே படுகிறது. ஆனால் 2019-இல் ஸ்வீடிஷிலும் ஆங்கிலத்திலும் வந்த ‘இன் காடா வெனெனம்’ வேறு உயரம். ஸ்வீடிஷ் வடிவத்தையே கேள்; சொல் புரியாவிட்டாலும் குரல் தன் வீட்டில் இருப்பது தெரியும்.

2024 நவம்பரில் ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ வந்தது. 2008-க்குப் பிறகு ஸ்டுடியோ ஆல்பத்தில் மறுபடியும் உறுமல்! ஆல்பம் முழுக்க ஒரே கதை, முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலத்தில் நடப்பது. ஒரு பணக்காரக் குடும்பத்தில் இறந்தவரின் உயில் வாசிக்கப்படுகிறது. கடைசிப் பாட்டைத் தவிர எதற்கும் பெயரில்லை, உயிலின் பத்திகள்போல எண்கள்தான். ஜெத்ரோ டல் ராக் குழுவின் இயன் ஆண்டர்சனின் பேச்சும் புல்லாங்குழலும் உண்டு. மெல்லிசையில் கழித்த அத்தனை வருடங்களும் சேர்ந்துதான் அந்த உறுமலுக்கு இப்போது இவ்வளவு கனம் தந்திருக்கின்றன.

இதை முதலில் கேள். பிறகு ‘ஹெரிட்டேஜு’க்குப் போ. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று விரிவாக எழுது.

அன்புடன்,
சேகர்