நீட் மதிப்பெண் குறைந்தவர்களுக்குக் கோடையிலேயே பள்ளியைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீட் தேர்வு மே மாதத் தொடக்கத்தில் முடிந்ததும், மதிப்பெண் குறையும் என்று தெரிந்துவிட்ட பிள்ளைகளின் வீடுகளில், எந்தப் பயிற்சி மையத்தில் எவ்வளவு பணம் கட்டிச் சேர்ப்பது என்ற பேச்சே முதலில் எழுகிறது. மற்றவர்கள் முடிவு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். 2025-இல் மே 4 அன்று நடந்த தேர்வுக்கு ஜூன் 14 அன்றுதான் முடிவு வெளியானது. இடைப்பட்ட அந்த ஆறு வாரக் கோடையை வீணாக்கிவிட்டு ஜூலையில் தொடங்கும் படிப்புக்குப் பணத்தைக் கொட்டுவது சரியல்ல என்பது, அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற என் கருத்து.

தேர்வர் வினாத்தாளை வீட்டுக்கு எடுத்துவரலாம் என்பதால், பாடம் மனத்தில் பசுமையாக இருக்கும்போதே 180 வினாக்களையும் பாடநூலோடு வைத்துச் சரிபார்க்க முடியும். தவறிய வினாக்களை, பாடத்தையே படிக்காததால் விட்டவை, படித்தும் மறந்தவை, தெரிந்தும் அலகு மாற்றத்திலோ கணக்கிலோ சறுக்கியவை என்று பிரித்துப் பார்த்தாலே நிலைமை விளங்கிவிடும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறைப்பு என்பதால், கடைசி வகையில் 10 வினாக்களைத் திருத்திக்கொண்டாலே 50 மதிப்பெண் கூடும். அதற்குப் புதிதாக எந்தப் பாடமும் படிக்க வேண்டியதில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் பழக்கம்தான் வேண்டும். மாறாக, முதல் வகையே மிகுதி என்றால், கிடைக்கும் வேறு பட்டப்படிப்பில் சேர்வதா, ஓராண்டைச் செலவிடுவதா என்பதை அப்போதே நிதானமாக முடிவு செய்யலாம். எல்லாரும் மறுமுறை எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

2025-இல் இயற்பியல் பகுதி பலரையும் திணறடித்தது. அதன் 45 வினாக்களில் கணிசமானவை, மேல்நிலை முதலாமாண்டில் வரும் இயக்கவியல், வெப்ப இயக்கவியல், அலைவுகள் போன்ற பாடங்களின் அடிப்படையைச் சோதிப்பவை அல்லது அதைச் சார்ந்தவை. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடும் வழக்கம் நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றுக்குப் புதிதல்ல. அதைத் தடுக்க 2017-18-இல் கொண்டுவரப்பட்ட பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் இப்போது கைவிடப்பட்டிருப்பதால், அந்த ஓட்டையைக் கோடையில் அடைப்பது முன்னைவிட அவசியமாகிறது. உயிரியலைத் தனியே உட்கார்ந்து படித்துவிடலாம். 90 வினாக்கள் அதில்தான் என்பதால் அதைக் கைவிடவும் கூடாது. இயற்பியலுக்குத்தான் பக்கத்தில் ஓர் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

நீட் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் நடக்கட்டும். அதில் என் நிலைப்பாடு தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நிலைப்பாடே. ஆனால் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கும் நிலையில், அவர்களுக்குச் சில பத்து மதிப்பெண் கூடுவதே தரவரிசையில் பெரிய மாற்றத்தைத் தரக்கூடும். மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்ட மாணவரோ மீண்டும் பள்ளி வாசலை மிதிக்கத் தயங்குகிறார்.

எனவே, ஒன்றியத்துக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியிலாவது, மே, ஜூன் மாதங்களில் வெயில் ஏறுமுன் காலை வேளையில் மட்டும், முந்தைய மாணவர்களுக்கென ஒரு வகுப்பறையைத் திறந்துவைக்கப் பள்ளிக் கல்வித்துறை ஆவன செய்ய வேண்டும். இயற்பியல், வேதியியல் ஆசிரியர்கள் முறைவைத்து வந்தால் போதும். விடுமுறையை இழந்து வரும் அவர்களுக்கு ஈடாக ஈட்டிய விடுப்பு வழங்கி, அதற்கான ஆணையைத் தேர்வு நாளுக்கு முன்பே வெளியிட வேண்டும். ஜூனில் வரும் சுற்றறிக்கையால் யாருக்கும் பயனில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் (இயற்பியல்),
திண்டுக்கல்.