துபாய் தேராவிலிருந்து உம்மாவுக்கு

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் லாத்தாவும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் துஆ செய்கிறேன். நான் இங்கே நலம்.

மேலத்தெரு மச்சான் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதமும் தொதல் பொட்டலமும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அப்புறம் கிடைத்தன. "போனில் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்கிறாய், உடனே வைத்துவிடுகிறாய். எனக்குக் காதும் சரியாகக் கேட்கவில்லை. ஒரு கடிதம் போட்டால் பேத்தியை நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன்" என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை. எட்டு மாதமாக ஒரு வரி எழுதாதது என் தப்புதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

தொதலை அறையில் ஆறு பேருக்கும் வெட்டிக் கொடுத்தேன். முந்திரி நிறைய இருந்த மூலையை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலையில் குப்பூஸ் ரொட்டியும் டீயும். ராத்திரி அறையில் முறை வைத்துச் சமைக்கிறோம், என் முறை வரும் நாளில் நம் வீட்டு மீன் ஆணம்தான். மதியம் மலையாளி ஹோட்டலில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், இப்போது அதை விட்டுவிட்டு மதியமும் குப்பூஸோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த வெயிலில் வயிறு கனமாக இருந்தால் கடையில் நிற்க முடிவதில்லை, வேறொன்றும் இல்லை.

கடை எங்கே இருக்கிறது என்று தங்கச்சி கேட்டாளாம். தேராவில் தங்க சூக் என்கிற நகைச் சந்தையைத் தாண்டி வந்தால் வாசனைக் கடைத் தெரு. தெருவுக்குள் கால் வைத்தாலே ஊது என்கிற வாசனைக் கட்டையின் புகை வந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும். காலையில் கடை திறந்ததும் கரி பற்றவைத்து, ஒரு துண்டு ஊதுக்கட்டையைப் போட்டு வாசலில் வைப்பது என் வேலை.

போன மாதம் முதலாளி புதிதாக ஒரு ஸ்ப்ரே கொண்டுவந்தார். அடியில் ஊது, நடுவில் ரோஜா, மேலே பழ வாசனை. இப்போது அரபிகளும் சரி, ஐரோப்பாவிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் சரி, இந்த மாதிரிக் கலவையைத்தான் கேட்கிறார்கள். "விற்பதற்கு முன்னால் ஒரு வாரம் நீயே போட்டுப் பார், அப்புறம் எனக்கு உள்ளதைச் சொல்" என்றார். கடையில் நாலு பேர் இருக்க என்னிடம் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால் ஏனோதானோ என்று செய்யக் கூடாது என்று நினைத்தேன்.

குளித்து உடம்பு ஈரம் காய்ந்த பிறகு மணிக்கட்டில் ஒரு அழுத்து, சட்டையின் உள்பக்கம் ஒரு அழுத்து. மணிக்கட்டோடு மணிக்கட்டை வைத்துத் தேய்க்கக் கூடாது உம்மா, சூட்டில் மேல் வாசனை சீக்கிரம் பறந்துவிடும். நாம் எல்லோரும் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் கால் மணி நேரம் வெறும் பழம்தான். ராஸ்பெரி என்கிறார்கள், நம் பக்கம் அந்தப் பழம் கிடையாது. நன்றாகப் பழுத்த நாவல்பழத்தைச் சர்க்கரைப் பாகில் போட்டால் வருமே, அந்த மாதிரித் தித்திப்பு. தொண்டை வரைக்கும் இறங்குகிறது. அது கொஞ்சம் அடங்கி ரோஜா எட்டிப் பார்க்கும்போது சட்டென்று குற்றாலம் ஞாபகத்துக்கு வந்தது. சாரல் நேரத்தில் போயிருந்தபோது அருவிக்குப் போகிற வழியில் கூடையில் வைத்து விற்றார்களே, பன்னீர்ப்பழம். கடித்தால் வாயெல்லாம் பன்னீர் மணக்கும். லாத்தா விதையைக்கூடத் துப்பாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பழமும் ரோஜாவும் ஒன்றாகச் சேர்ந்து மணப்பதை நான் முதலில் அங்கேதான் அறிந்தேன். இந்த ஸ்ப்ரேயில் அந்தச் சேர்க்கை பத்து நிமிஷம்தான் நிற்கிறது, ஆனால் அந்தப் பத்து நிமிஷம் ரொம்ப நன்றாக இருக்கிறது.

மூன்றாவது நாள் பர் துபாயில் ஒருவருக்குச் சரக்குக் கொடுக்க அப்ராவில் போனேன். அப்ரா என்றால் இரண்டு கரைக்கும் நடுவில் உள்ள உப்பங்கழியைக் கடக்கும் மரப்படகு, ஒரு திர்ஹம் கொடுத்தால் அக்கரையில் விட்டுவிடும். கடையின் ஏசிக் குளிரில் அமைதியாக இருந்த வாசனை, வெயில் பட்டதும் பொங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். எதிரே இருந்த சூடானிப் பெரியவரோ எழுந்து கிட்டே வந்து, எந்தக் கடை என்று கேட்டு என் கையைப் பிடித்து முகர்ந்தார். ஒரே படகில் இரண்டும் நடந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், வெயில் காலத்துக்கு ஒரு அழுத்துக்கு மேல் கூடாது.

என் பக்கத்துக் கட்டில் அஸ்ஸாம் பாயைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதம் முடியாது. ஊதுக்குப் பேர்போன ஹோஜாய் ஊர்க்காரர், வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வேறொரு கடையில் ஊதுக்கட்டை சுத்தம் செய்கிறார். நாள் முழுக்கச் சின்ன உளி ஒன்றால் வெள்ளை மரத்தைச் சீவிச் சீவித் தள்ளி, கறுப்புப் பாகத்தை மட்டும் நிறுத்துவார். அவருடைய விரல் இடுக்கெல்லாம் கறுத்துப்போயிருக்கிறது. அவர் ஒரு நாளும் வாசனை பூசுவதில்லை. ராத்திரி யார் அறைக்குள் வந்தாலும், விளக்கைப் போடாமல், மூக்கை வைத்தே யார் என்று சொல்லிவிடுவார். முதலில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது, இப்போது அவர் பேர் சொல்லிக் கூப்பிடாவிட்டால் தூக்கம் வருவதில்லை.

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஊது மரம் நோய் நொடி இல்லாமல் இருந்தால் அதற்கு ஒரு மணமும் கிடையாது, சும்மா வெளுத்த மரம். புழு துளைத்தோ, கிளை முறிந்தோ, காயத்தில் பூஞ்சணம் பிடித்தால்தான் மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிக் கறுத்த கட்டைதான் ஊது. நல்ல கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். காட்டு மரத்தை வெட்டி வெட்டி அருகிப்போனதால் 1995 முதல் நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிக் காகிதம் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சார், அந்தக் காலத்துப் பெண்கள் கூந்தலை அகில் புகையில் உலர்த்தினார்கள் என்று நடத்தினாரே, அந்த அகில்தான் இது. நாம் படித்தது ஒன்று, வெள்ளிக்கிழமை வீட்டில் புகைத்தது வேறு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆறாவது நாள் அவரிடம் என் மணிக்கட்டை நீட்டினேன். கண்ணை மூடி ரொம்ப நேரம் வைத்திருந்தார். "ரோஜா பரவாயில்லை. ஊது கொஞ்சம்தான், மீதி ஆய்வுக்கூடத்தில் செய்தது" என்றார். அவரிடம் ரோஜாவுக்கும் கணக்கு உண்டு. ஒரு கிலோ எண்ணெய்க்கு 3000 கிலோவுக்கு மேல் பூ வேண்டுமாம். அதை நினைத்தால் விலையைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

முதலாளியிடம் நான் சொன்னது இதுதான்: பழம் ஒரு பங்கு குறைய வேண்டும், அது ரோஜாவின் வாயைப் பொத்துகிறது. ஆனால் ரோஜாவும் ஊதும் சேர்ந்த பிறகு வருகிற வாசனையில் ஒரு குறையும் இல்லை. சட்டையில் மறுநாளும் நிற்கிறது. கேட்டுக்கொண்டார். மாற்றுவாரா, தெரியவில்லை.

ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் கழித்துப் பழமெல்லாம் போய், காய்ந்த ரோஜாவும் புகையேறின மரமும் மட்டும் தோலோடு நிற்கும் உம்மா. அது வாப்பாவின் வெள்ளிக்கிழமைச் சட்டை வாசனை. ஜும்ஆவுக்குப் போகும் முன் அலமாரியைத் திறந்து, குப்பியிலிருந்து ஒரு சொட்டு அத்தரைப் பஞ்சில் தொட்டு, காதுமடலுக்குள் வைத்துக்கொள்வார்களே. நான் பக்கத்தில் நின்றால் மிச்சத்தை என் கழுத்தில் தடவுவார்கள். கடையில் வாடிக்கையாளருக்குத் துணியில் அடித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வாசனை வந்தது. பில் போடுவதுபோல் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்த வாரம் போட்ட சட்டைகளில் ஒன்றை இன்னும் துவைக்கவில்லை, பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி நிக்காஹை நோன்புக்கு முன்னால் வைத்துக்கொள்ள மாப்பிள்ளை வீட்டார் கேட்பது நியாயம்தான். ஆனால் மேல்மாடி கான்கிரீட் முடியாமல் நாள் குறிக்க வேண்டாம். இந்த மாதம் பணம் பத்து நாள் தள்ளி வரும், கடையில் கணக்கு முடிப்பதில் தாமதம், நீங்கள் ஒன்றும் நினைக்க வேண்டாம். கொத்தனாரிடம் பெரிய காக்காவைப் பேசச் சொல்லுங்கள். வங்கியில் இருக்கும் லாத்தாவின் நகையை இப்போது திருப்ப வேண்டாம், வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள், மீதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். சாச்சா முடுக்குப் பக்கம் இரண்டு அடி கேட்பதற்கு வாய்ச் சம்மதம்கூடக் கொடுக்காதீர்கள். கிணற்றுக்குப் போகிற வழி அது ஒன்றுதான். வாப்பா இருந்தபோதே மறுத்தது.

மேலத்தெரு மச்சான் ஊருக்குத் திரும்பி வரும்போது அவர் கையில் சின்னக் குப்பி ஒன்று தருகிறேன். ஸ்ப்ரே இல்லை, 3 மில்லி ரோஜா அத்தர், தங்கச்சி நிக்காஹுக்கு. உங்களுக்கு இழுப்பு இருக்கிறது, மூடின அறையில் திறக்காதீர்கள். முற்றத்தில் வைத்து அவள் துப்பட்டி ஓரத்தில் ஒரு சொட்டு போதும்.

வாப்பாவின் அலமாரியை லாத்தா வீட்டுக்கு மாற்றப்போவதாக எழுதியிருந்தீர்கள். மாற்றுங்கள், ஆனால் தூக்குவதற்கு முன்னால் மேல்தட்டில் பார்க்கச் சொல்லுங்கள். குர்ஆன் துணிக்குப் பின்னால் பச்சை மூடி போட்ட காலிக் குப்பி ஒன்று இருக்கும். அதைக் கழுவாமல், மூடியை நெகிழ்த்தாமல், பஞ்சில் சுற்றி மச்சானிடம் கொடுத்தனுப்புங்கள். அடியில் காய்ந்து ஒட்டியிருந்தால்கூட அது என்ன அத்தர் என்று சொல்லிவிடுவதாக அஸ்ஸாம் பாய் சொல்கிறார். மச்சான் பதினெட்டாம் தேதி ஊரிலிருந்து மறுபடி இங்கே கிளம்புகிறாராம், அதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

லாத்தாவுக்கும் அவள் வீட்டு மச்சானுக்கும் என் ஸலாம். சின்னவனைச் சனிக்கிழமை டியூஷனுக்கு ஒழுங்காகப் போகச் சொல்லுங்கள்.

உங்கள் துஆவை நாடும்
மகன்